தலைகீழ்ப் பக்கங்கள்

ஃப்ரிமாண்ட், கலிஃபோர்னியா
10 செப்டம்பர் 2000

மச்சானுக்கு, சேனாபதி வணக்கம்.

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஈமெயிலில் தமிழ் அடிக்க எனக்குத் தெரியாது. இங்கிலீஷில் எழுதினால் அதில் பிழை பார்ப்பீர்கள். ஆகவே பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் தடவையாகத் தமிழில் கடிதம் எழுதுகிறேன். சாரதா பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்கண்ணனுக்கு ஒற்றுப் பிழை இருந்தாவே புடிக்காதுங்க, பாத்து எழுதுங்க" என்று பயமுறுத்துகிறாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் பெஸ்தான்ஜி என்று ஒரு பார்சிப் பெரியவர் இருக்கிறார். ரிடையர்டு எஞ்சினியர். அவர்களுடைய ஜொராஸ்ட்ரிய மதத்தின் பழைய கையெழுத்துச் சுவடிகள் பலவும் ஐரோப்பிய நூலகங்களில் இருக்கின்றன. குஜராத்தில் அவர்களுடைய குருமார்கள் கையால் எழுதியவை, வெள்ளைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனவை. எல்லாவற்றையும் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகத்தில் இருக்கிற தங்கள் ஜனங்கள் எல்லோருக்கும் சிடியில் கொடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு போட்டோகிராஃபரை அனுப்பி ஸ்லைடு எடுத்துவிட்டார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை என் சின்னக் கம்பெனிக்கு வந்திருக்கிறது. வருகிற மார்ச்சில் அவர்களுடைய நவ்ரோஸ் பண்டிகை. அன்றைக்கு வெளியிடவேண்டும்.

பக்கங்கள் எந்த வரிசையில் வரவேண்டும் என்று எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. பெஸ்தான்ஜிக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது, சிறுவயதில் மந்திரங்களை மனப்பாடம் செய்ததோடு சரி. "இதைப் படிக்கத் தெரிந்த ஆள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று அவர் கேட்டார். "ஒருத்தர் என் மனைவியின் அண்ணன்" என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார் மனிதர்.

ஒரு சிடி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கிரகப்பிரவேசத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் கடிதத்தைக் கிழித்துவிடுவீர்கள்.

சேனாபதி


ரிச்சர்ட்சன், டெக்சஸ்
24 செப்டம்பர் 2000

திரு. சேனாபதி அவர்களுக்கு,

சிடியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கவில்லை.

கிரகப்பிரவேசத்தைப் பற்றி எழுதப்போவதில்லை என்கிறீர்கள். நான் எழுதுகிறேன். ஏழு வருடம் முன்பு, உங்கள் வீட்டு ஹாலில், கோபிக்காரர்களும் ஈரோட்டுக்காரர்களுமாக அறுபது பேர் நிற்க, என் தோளில் கையைப் போட்டு நீங்கள் சொன்னது இது: "இவுருதானுங்க எங்க மச்சான். டாக்டர் ஜம்புநாதன். ஆனா ஊசி போட மாட்டாருங்க. செத்துப்போன பாஷைக்கு வைத்தியம் பாக்குறார்." அறுபது பேரும் சிரித்தார்கள். வாசலில் சாரதா அழுதுகொண்டே தடுத்தும் உங்கள் வீட்டில் கை நனைக்காமல் கிளம்பினேன். இன்றுவரை நனைக்கவில்லை. விமான நிலையத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு காய்ந்த ரொட்டியைத் தின்றேன். அதன் ருசிகூட நினைவிருக்கிறது.

உங்களுக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். கோபியில் சமஸ்கிருதம் படிக்கப் போனபோது எங்கள் அப்பாவே கேட்டார், "கவுண்டப் பையனுக்கு எதுக்குடா இந்தப் படிப்பு?" என்று. அதன் பிறகு பூனா, பிறகு இந்த நாடு. பார்சிகளின் வேத மொழியான அவெஸ்தாவில் பட்டம். ஐரோப்பாவுக்குப் போய் ஒரு சுவடியை நேரில் பார்க்க மூன்று முறை உதவித்தொகை கேட்டேன். மூன்று முறையும் இன்னொருவனுக்குக் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமை மட்டுமே நம்பி ஒரு சுவடியைப் பற்றிப் புத்தகம் எழுதினேன். அதற்கு மதிப்புரை எழுதிய ஜெர்மன் பேராசிரியர் இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்: "ஆசிரியர் இந்தச் சுவடியை நேரில் பார்த்ததில்லை என்பது மூன்றாம் அத்தியாயத்தில் தெரிகிறது. மேலே சொல்ல ஒன்றுமில்லை." மூன்றாம் அத்தியாயத்தில் என்ன தெரிகிறது? அவர் சொல்லவில்லை. நான் எழுதிக் கேட்ட கடிதத்துக்குப் பதிலும் போடவில்லை. மறுபடி கேட்க நினைத்தபோது செத்தும் போய்விட்டார். என் பல்கலைக்கழகம் அந்த இரண்டு வாக்கியத்தைப் படித்துவிட்டு என் வேலையை நீட்டிக்கவில்லை.

பிறகு நீங்கள் உங்கள் சிநேகிதரிடம் சொல்லி டெலிபோன் கருவிகளைச் சோதிக்கும் இந்த வேலையை வாங்கிக்கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள். அன்றே சொல்லிவிட்டேன். கணக்கு நேர்.

இந்த வேலைக்கு வேறு ஆள் பாருங்கள்.

ஜம்புநாதன்

பி.கு.: சிடி உறையின் மேல் அலங்காரமாக ஒரு சுவடிப் பக்கத்தை அச்சடித்திருக்கிறீர்கள். அது தலைகீழாக இருக்கிறது. அடியில் போட்டிருக்கும் நூலக எண்ணும் எனக்குத் தெரிந்த எண்தான். நான் புத்தகம் எழுதியது அந்தச் சுவடியைப் பற்றித்தான்.


ஃப்ரிமாண்ட்
8 அக்டோபர் 2000

மச்சானுக்கு,

"திரு." போட்டு எழுதிவிட்டீர்களே. எங்கள் வீட்டு மின்சார பில்கூட என்னை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுவதில்லை.

உங்கள் பின்குறிப்பைப் பெஸ்தான்ஜியிடம் படித்துக் காட்டினேன். "அட்டையைப் பார்த்தே தலைகீழ் என்று சொல்லிவிட்டாரா? உள்ளே பார்த்தால் என்னவெல்லாம் சொல்வாரோ!" என்று பூரித்துப்போனார். உள்ளே இருக்கிற எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நேராக்கித்தான் வைத்தோம். அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் வேறு ஆள் தேட உட்கார்ந்துவிட்டேன். சாரதாதான் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கண்ணன் வேண்டாம்னு நெனச்சா ஒரு வரிதான் எழுதும். மூணு பக்கம் எழுதியிருக்குதுன்னா வேணும்னு அர்த்தம். அந்த சிடியைத் திருப்பி அனுப்புங்க." அவள் சொல்லி அனுப்புகிறேன். பழி அவளுக்கு.

கிரகப்பிரவேசத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு சிரிப்புக்காகச் சொன்னேன் மச்சான். வீடு வாங்கிய கிறுக்கில் இருந்தேன்.

சேனாபதி


ரிச்சர்ட்சன்
5 நவம்பர் 2000

திரு. சேனாபதிக்கு,

என் தங்கைக்கு எப்போதும் வாய் அதிகம்.

சிடியைப் பார்த்தேன். லட்சணத்தைச் சொல்கிறேன். விரித்த புத்தகத்தைப் படம் எடுத்து, அதை இரண்டாக வெட்டி, இடப் பக்கத்தை முதலிலும் வலப் பக்கத்தைப் பிறகும் வைத்திருக்கிறீர்கள். இது உங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகம் இல்லை. இந்த எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். ஆகவே முதல் பக்கத்துக்கு முன்னால் இரண்டாம் பக்கம், மூன்றுக்கு முன்னால் நான்கு என்று கடைசிவரை குளறுபடி. இதற்கு நீங்கள் பணம் வேறு வாங்குகிறீர்கள்.

அடுத்து, தலைகீழ்ப் பக்கங்கள். முதலில் பார்த்தபோது வெறும் அலட்சியம் என்று நினைத்து, பொய் சொல்வானேன், சந்தோஷப்பட்டேன். தலைகீழாக இருப்பவற்றையெல்லாம் ஒரு காகிதத்தில் குறித்து உங்களுக்கு அனுப்பி அவமானப்படுத்தலாம் என்று உட்கார்ந்தேன். குறிக்கக் குறிக்கச் சிரிப்புப் போய்விட்டது.

என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் எதைப் பற்றி என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். இந்தச் சுவடி ஒரு பூசை நூல். குரு அதைப் பார்த்து மந்திரம் சொல்வார். நடுநடுவே சில இடங்களில் எழுத்தே இல்லாமல் வெற்றிடம் இருக்கும். வேறு சுவடிகளில் அந்த இடத்தில் "இப்போது இதைச் செய்" என்று குருவுக்குச் சொல்லும் குறிப்பு வரும். இதில் இல்லை. எழுதியவன் இடம் விட்டு வைத்துப் பிறகு நிரப்பவே இல்லை, அந்தக் குடும்பத்தில் பூசைக் குறிப்புகளை எழுதாமல் வாயாலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்த அத்தியாயத்தில் நிறுவினேன். அதைத்தான் அந்த ஜெர்மன்காரர் கொன்றார்.

உங்கள் சிடியில் வெற்றிடம் உள்ள பக்கங்கள் மட்டும்தான் தலைகீழாக இருக்கின்றன. வெற்றிடம் இல்லாத பக்கம் ஒன்றுகூடத் தவறாகத் திரும்பவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். அலட்சியம் இப்படி ஒழுங்காக நடக்காது. வெறும் காகிதத்தைப் பார்த்து யாரும் ஒரு பக்கத்தைத் திருப்பமாட்டார்கள். எதையோ பார்த்துத்தான் திருப்பியிருக்கிறார்கள்.

உங்கள் ஆபீஸில் அந்தப் பக்கங்களைத் திருப்பியவர் யார்? என்ன பார்த்தார்? அவரைத் திட்டாமல் கேளுங்கள். பதிலை உடனே எழுதுங்கள்.

ஜம்புநாதன்


ஃப்ரிமாண்ட்
10 நவம்பர் 2000

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். போன் செய்ய நினைத்தேன், நீங்கள் எடுக்காவிட்டால் வீணாக ஒரு நாள் போய்விடும் என்று ஓவர்நைட் கூரியரில் அனுப்புகிறேன்.

பக்கங்களைத் திருப்பியது ஜலஜா. பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண்மணி, ஸ்லைடுகளை ஸ்கேன் செய்கிறவர். போய்க் கேட்டேன்.

"இந்தப் பேஜையெல்லாம் ஏன் திருப்பினீங்க?"

"அதுல குஜராத்தி தலைகீழா இருந்துச்சு சார். நான் மாதுங்கால படிச்சவ, எனக்குக் குஜராத்தி தெரியாதா? மத்த எழுத்து எது தலை எது கால்னே புரியல. தெரிஞ்சது ஒண்ணு இருக்கே, அதை வெச்சு நேர் பண்ணினேன். ஏன், தப்பா?"

"எங்க இருக்குது குஜராத்தி? வெறும் இடமால்ல இருக்குது?"

அவர் என் கம்ப்யூட்டர் அருகே வந்து குனிந்து பார்த்தார். "ஐயையோ, ஸ்லைடுல சிவப்பு இங்க்ல அழகா இருந்துச்சே சார்! உங்க ப்ரோக்ராம் முழுங்கிடுச்சா?"

முழுங்கிவிட்டது மச்சான். அந்த ப்ரோக்ராமை எழுதியவன் நான். சிடியில் இடம் போதாது என்று கலரை எடுத்துவிட்டு, எழுத்தைக் கறுப்பாகவும் மற்றதையெல்லாம் வெள்ளையாகவும் மாற்ற எழுதினேன். பழைய காகிதத்தில் பழுப்புக் கறை நிறைய இருக்குமே, அதைத் துடைத்துவிடவும் சொல்லி வைத்தேன். வெளுத்துப்போன சிவப்பு மையையும் அது கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. ஜலஜா திருப்பியது ஸ்லைடைப் பார்த்து. துடைத்தது அதற்குப் பிறகு. பெஸ்தான்ஜி கைக்குப் போயிருந்தால் அப்படியே உலகம் முழுக்கப் போயிருக்கும்.

இத்துடன் ஒரு கலர் பிரிண்ட் வைத்திருக்கிறேன். உங்கள் மூன்றாம் அத்தியாயம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஜலஜாதான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

சேனாபதி


ரிச்சர்ட்சன்
19 நவம்பர் 2000

சேனாபதிக்கு,

பிரிண்ட் வந்தது. ஒரு வாரமாக மேசைமேல் இருக்கிறது. இன்றுதான் எழுத முடிந்தது.

அவெஸ்தா வலமிருந்து இடமாகப் போகும், குஜராத்தி இடமிருந்து வலமாக. ஒரே வரியில் இரண்டையும் எழுத நேர்ந்தால் எழுதுகிறவன் என்ன செய்வான்? புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு குஜராத்தியைத் தலைகீழாக எழுதுவான். இரண்டும் ஒரே திசையில் ஓடும். வேறு சுவடிகளில் இப்படி இருப்பது எனக்குத் தெரியும். என் சுவடியில் இருப்பதுதான் தெரியாமல் போயிற்று. மைக்ரோஃபிலிம் எடுத்தவரின் கேமராவும் உங்கள் ப்ரோக்ராமைப் போலவே சிவப்பை வெளுத்துத் தள்ளிவிட்டது. ஆக, எழுதியவன் எதையும் எழுதாமல் விடவில்லை. என் மூன்றாம் அத்தியாயம் வெறும் காற்றில் கட்டியது.

அந்த ஜெர்மன்காரர் சொன்னது சரி. அதற்காக அவரை மன்னிக்கவில்லை. "சிவப்பு மை" என்று ஒரு சொல் சேர்த்து எழுதியிருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தியிருப்பேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பதினான்கு வருடம் கழித்து மாதுங்காவில் படித்த ஜலஜா அதை எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். தவறாகத் திருப்பினார், ஆனால் கண்ணால் பார்த்துத் திருப்பினார்.

வேலையை எடுத்துக்கொள்கிறேன். என் நிபந்தனைகள்: முழுவதும் கலரில் வரவேண்டும், சிடி எத்தனை ஆனாலும் சரி. எந்தக் கறையையும் துடைக்கக்கூடாது. மெழுகுக் கறையானாலும் பூச்சி அரித்ததானாலும் அது அங்கேயே இருக்கட்டும். வரிசையை நான் சொல்கிறபடி மாற்றவேண்டும்.

ஜம்புநாதன்


ஃப்ரிமாண்ட்
25 மார்ச் 2001

மச்சானுக்கு,

நவ்ரோஸ் விழா நல்லபடியாக நடந்தது. நீங்கள் அனுப்பிய வரிசைப்படி எல்லாம் கலரில். நீங்கள் வரவில்லையே என்று பெஸ்தான்ஜிக்கு வருத்தம். "லீவ் கிடைக்கலையாம்" என்றேன். லீவ் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அங்கே நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. திரையில் உங்கள் சுவடியின் ஒரு பக்கத்தைப் போட்டேன். பெஸ்தான்ஜி முன்வரிசையில் இருந்தார். அவர் ஒரு குருவின் மகன், சிறுவயதில் தீட்சை வாங்கியவர், அமெரிக்கா வந்ததும் எல்லாவற்றையும் விட்டவர். அந்தப் பக்கத்தின் மந்திரத்தை, குஜராத்தி எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து, ஒலிபெருக்கியில் ஒருவர் வாசிக்கத் தொடங்கினார். அவர் நாலு சொல் வாசிப்பதற்குள் பெஸ்தான்ஜி கண்ணை மூடிக்கொண்டு கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். திரையைப் பார்க்கவே இல்லை. சிவப்பு வரி வருகிற இடம் வந்ததும் நிறுத்தினார். வலது கை தானாக எழுந்து, ஏதோ சின்னக் கிண்ணத்திலிருந்து ஊற்றுவதைப் போலக் காற்றில் சாய்ந்தது.

பக்கத்தில் இருந்த ஜலஜா என் கையைப் பிடித்து உலுக்கினார். "சார், சிவப்புல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'இப்ப பாலை ஊத்து'ன்னு எழுதியிருக்கு சார்!"

கண்ணைத் திறந்ததும் பெஸ்தான்ஜியிடம் சொன்னோம். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் அப்பா இப்படிச் செய்வார், நானும் செய்தேன். எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை" என்றார். அப்புறம் உங்கள் பெயரைக் கேட்டு, மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஜம்புநாதன் என்பது அவர் வாயில் கொஞ்சம் நசுங்குகிறது.

மச்சான், உங்கள் மூன்றாம் அத்தியாயம் காற்றில் கட்டியது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இதெல்லாம் புரியாது. ஆனால் ஒரு குடும்பத்தில் பூசைக் குறிப்பு வாயாலும் கையாலும் வந்தது என்றுதானே எழுதினீர்கள்? பெஸ்தான்ஜியின் கை எந்தச் சுவடியையும் பார்க்காமல்தானே எழுந்தது?

அதே நூலகத்தில் இன்னும் பல சுவடிகள் படம் எடுக்காமல் இருக்கின்றன. மே மாதம் போட்டோகிராஃபர் மறுபடி போகிறார். கூட, படிக்கத் தெரிந்த ஒருவர் போகவேண்டும் என்று பெஸ்தான்ஜி பிடிவாதமாக இருக்கிறார். செலவெல்லாம் அவர்களுடையது. "கேட்டா மாட்டேன்னுதான் சொல்லும், ஆனா கேளுங்க" என்கிறாள் சாரதா.

சேனாபதி


ரிச்சர்ட்சன்
8 ஏப்ரல் 2001

சேனாபதிக்கு,

லீவ் பிரச்சினை தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் தளத்தில் இருந்த எல்லோரையும் ஒரு அறைக்குள் கூப்பிட்டு, அட்டைப்பெட்டி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டெலிபோன் கம்பெனிகள் இங்கே வரிசையாகச் சாய்கின்றன. இளைஞர்கள் அழுதார்கள். நான் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன்.

போகத் தயக்கம் ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்கிறேன். நேரில் பார்த்தால் நான்காம் அத்தியாயமும் தப்பு என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். இருபத்தைந்து வருடமாக ஒரு பொருளைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அதை ஒருநாள்கூடத் தொட்டதில்லை.

பெஸ்தான்ஜியின் கையைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. உங்களிடமிருந்து எதிர்பார்க்கவில்லை.

போகிறேன் என்று சொல்லுங்கள்.

ஜம்புநாதன்


ஜெர்மனி
13 மே 2001

மாப்பிள்ளைக்கு,

இங்கே வந்து நாலு நாள் ஆகிறது. நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் தங்கியிருக்கிறேன். காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அவித்த முட்டையும் தருகிறார்கள். ரொட்டி காயாமல் இருக்கிறது.

முதல் நாள் என் சுவடியைக் கேட்டேன். நூலகத்தில் ஒரு அம்மாள், கண்டிப்பானவர், கையைக் கழுவிவிட்டு வரச்சொன்னார், பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார், பஞ்சு அடைத்த இரண்டு தலையணைகளுக்கு நடுவில் சுவடியை வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் திறக்கவில்லை. அது நான் நினைத்ததைவிடச் சின்னது. மைக்ரோஃபிலிம் திரையில் பார்த்துப் பார்த்து அதைக் கதவளவு பெரியதாக மனதில் வைத்திருந்தேன். இரண்டு கையால் மடியில் வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் அந்தக் குருவும் வைத்திருந்திருப்பார்.

திறந்தேன். மாப்பிள்ளை, அந்தச் சிவப்பை உங்கள் பிரிண்டால் காட்ட முடியாது. பழுத்த மிளகாயின் சிவப்பு சில இடங்களில், செங்கல்லின் சிவப்பு சில இடங்களில். மை தீரத் தீர வெளுத்து, மறுபடி தொட்டதும் அடர்ந்து வருகிறது. அவன் எங்கே நிறுத்தி எங்கே மையைத் தொட்டான் என்றுகூடத் தெரிகிறது. "பாலை ஊற்று" என்ற வரி வரும் பக்கத்தின் ஓரத்தில் வட்டமாக ஒரு கறை இருக்கிறது. ஒருவேளை பாலாக இருக்கலாம். நிரூபிக்க முடியாது. உங்கள் ப்ரோக்ராம் துடைத்த கறைகளில் அதுவும் ஒன்று. யாரோ ஒருவர் இதைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜமாகவே ஊற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். எழுதி அச்சிடமாட்டேன், நினைத்துக்கொள்வேன்.

நான்காம் அத்தியாயம் தப்பில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு இடம் தப்பு. இன்னொன்று, இதுவரை யாரும் பட்டியலிடாத ஒரு சின்னச் சுவடி இங்கே வேறொன்றின் அட்டைக்குள் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி எழுதப்போகிறேன். இந்தத் தடவை பார்த்துவிட்டு எழுதுவேன். போட்டோகிராஃபர் நல்ல பையன். எந்தப் பக்கம் மேலே என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கிறான்.

திரும்பும்போது டல்லஸ் போகவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு டிக்கெட்டை மாற்றிவிட்டேன். உங்கள் வீட்டில் கை நனைக்க வருகிறேன் என்று சாரதாவிடம் சொல்லுங்கள். அவள் அழ ஆரம்பித்தால், நான் போன் செய்யும்போது அவளிடம் கொடுக்காதீர்கள். ஜலஜாவையும் பெஸ்தான்ஜியையும் கூப்பிடுங்கள், அந்தக் கோபிக்காரர்கள் ஈரோட்டுக்காரர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது பழைய வசனத்தையே சொல்லலாம். ஊசி போடமாட்டார் என்பது இருக்கட்டும், அது உண்மைதான். பந்தி முடியும்வரை எழுந்திருக்கமாட்டேன்.

"செத்துப்போன" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். பெஸ்தான்ஜி பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார்.

ஜம்புநாதன்